சம்புத் தண்ணீர்

ஓரகத்திமேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆபீசில் எனக்குப் பின்னால் சேர்ந்து எனக்கு முன்னால் பதவி உயர்வு வாங்கியவள்மேல் பட்டிருக்கிறேன். எதிர்வீட்டு முல்லைப் பந்தல்மேல்கூடப் பட்டிருக்கிறேன். அதெல்லாம் வந்த வழியே போய்விட்டது. போகாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான். அது என் மகள்மேல் வந்த பொறாமை.

எம்.எஸ்சி. கடைசி வருடத்து ஆய்வுக்காக அவள் வெளியூர்க் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவளுடைய அப்பா, "என்ன மக்கா, தலைப்பு ஆயாச்சா?" என்று கேட்டார். அவள் வாயில் தோசையை வைத்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம குளத்துல சம்பு நிக்குல்லா அப்பா, அதுக்க பக்கத்துல புல்லே வராது. அது தண்ணியில என்னமோ விடுது. அது என்னன்னு பாக்கப் போறேன்."

தோசைக்கல்லில் மாவை ஊற்றியவள் திருப்ப மறந்து நின்றேன். கருகின தோசை எனக்குத்தான் வந்தது.

சம்பு என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். குளத்து ஓரத்தில் ஆளுயரத்துக்கு வாள்வாளாக இலை விட்டு நிற்கும். நடுவில் பழுப்பு நிறத்தில் குச்சி குச்சியாகக் கதிர். முற்றினால் வெடித்துப் பஞ்சாகப் பறந்து காயப்போட்ட துணியெல்லாம் ஒட்டும். ஒரு புதர் வந்தால் போதும், கொஞ்ச நாளில் குளத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும். கரையில் அறுகம்புல் பாய் விரித்ததுபோல் இறங்கி வரும். சம்புவுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிடும். இடையில் வெறும் சேறு. நிழல் விழுவதால் என்று சொல்பவர்கள் உண்டு. நிழல் விழாத பக்கத்திலும் அப்படித்தான் இருக்கும். சம்புவின் இலையும் வேரும் தண்ணீரில் ஊறி இறங்குகிற சாறு புல்லின் வேரைக் குறுக்கிவிடுகிறது. கத்தியில்லாமல் சத்தமில்லாமல் அக்கம்பக்கத்தைக் காலிசெய்கிற வேலை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதே குளத்தில், இதே சம்புவை வைத்து, நானும் எம்.எஸ்சி.க்கு ஆய்வு செய்திருக்கிறேன். தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினவள் நான். மேலே முனைவர் பட்டத்துக்குப் போ என்று என் பேராசிரியர் சொன்னார். அதற்குள் கல்யாணம் வந்தது. "ரிசர்ச்சுன்னா எப்ப முடியும்னு யாருக்குத் தெரியும்? கிளார்க் பரீட்சை எழுது, மாசமானா சம்பளம்" என்று இவர் சொன்னார். நான் அழுதுகொண்டு எழுதவில்லை, சந்தோஷமாகத்தான் எழுதினேன். முதல் சம்பளம் இனிக்கவும் செய்தது. கசப்பு பிறகு பைய வந்தது. குலசேகரத்துக்கு மாற்றல் ஆகி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே பஸ்ஸில் போய்வந்த வருடங்களில் செடிகொடிகளைப் பற்றி போனில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டே போவேன். மற்றவர்கள் சீரியல் பார்ப்பதுபோல்தான்.

மகளுக்கு நான் பாட்டனி படித்தவள் என்று தெரியும். அவ்வளவுதான் தெரியும். அம்மாக்கள் எல்லோரும் என்னவோ படித்திருப்பார்கள் என்கிற மாதிரித் தெரியும். ஆய்வு செய்தேன் என்பதோ, அது சம்பு என்பதோ தெரியாது. சொல்லியிருக்கலாம். கருகின தோசையைச் சாப்பிடும்போது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் எனக்கு ஒரு வீம்பு. நானாகச் சொல்ல மாட்டேன். சம்புவைப் பற்றி அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும், அந்த ஒரு கேள்வி போதும், கொட்டிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன்.

அவள் கேட்காமல் இல்லை. நிறையக் கேட்டாள். "அம்மா, பழைய வாளி இருக்கா?" "அம்மா, இந்த சாக்கு எடுக்கட்டா?" "அம்மா, என் பூட்ஸக் கழுவி வச்சியா?"

இவர் இருக்கிறாரே, இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் என் பெட்டியைத் திறந்தபோது என் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "களை புடுங்கதுக்கும் ஒரு படிப்பா?" என்று சிரித்தவர். அவரேதான் இப்போது விடியுமுன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு குளத்துக்குக் கிளம்பினார். சம்புக் கிழங்கைத் தோண்டி ஸ்கூட்டரின் முன்னால் சேறு சொட்டச் சொட்ட ஏற்றிக்கொண்டு வந்தார். வழியில் டீக்கடையில் நிறுத்தி, "பாப்பா ரிசர்ச் பண்ணுகா" என்று கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் சொல்லிவிட்டு வந்தார். மட்டுப்பாவில், அதாவது மொட்டைமாடியில், தொட்டிகளுக்கு நிழல்வலை கட்டிக்கொடுத்தார். முட்டத்துக் கடற்கரைக்கு ஒரு சாயங்காலம் கூட்டிப்போங்கள் என்று நான் கேட்டால் முழங்கால் வலி என்கிற மனிதர், வாளியோடு படி ஏறி இறங்கினார். எனக்கு வயிறு எரிந்தது. கீழே துணி மடித்துக்கொண்டே அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சாயங்காலம் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் போனில் வருவார். சின்ன வயசுக்காரிதான், குரலிலேயே தெரியும். இரண்டு பேரும் சரிசமமாகப் பேசுவார்கள், சிரிப்பார்கள். நான் அடுக்களையில் வழுதலங்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். "வேர்க்கசிவு" என்று ஒரு சொல் வரும். என் சொல் அது. யாரோ என் சேலையை உடுத்திக்கொண்டு தெருவில் போவதுபோல் இருக்கும்.

ஆய்வு எளிதானதுதான். ஒரு பெரிய தொட்டியில் சம்பு. அதன் அடியில் வடிகிற தண்ணீரைப் பிடித்து ஒரு வரிசைத் தொட்டிகளுக்கு ஊற்ற வேண்டும். இன்னொரு வரிசைக்கு வெறும் கிணற்றுத் தண்ணீர். இரண்டு வரிசையிலும் ஒரே நீளத்துக்கு நறுக்கின அறுகு நட்டிருக்கும். சம்புத் தண்ணீர் குடித்த அறுகு குறுகி, கிணற்றுத் தண்ணீர் குடித்தது செழித்தால், நிழலும் இல்லை, இடப்போட்டியும் இல்லை, காரணம் அந்தச் சாறுதான் என்று ஆகிவிடும். நான் செய்திருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பேன். அதுவும் எனக்கு எரிச்சல்.

"அம்மா, நம்ம வயல் மண்ண சலிச்சுத் தொட்டியில நிரப்பித் தருவியா? நான் ஒருநாள் காலேஜுக்குப் போயிட்டு வாறேன்" என்றாள். அதையும் செய்தேன். நம் ஊர் வயல் மண் களிமண். தொட்டியில் போட்டால் காய்ந்து செங்கல்லாகிவிடும். வீட்டில் தொட்டி வைக்கிற எவரும் மில்லிலிருந்து ஒரு சாக்கு உமி வாங்கிவந்து மண்ணோடு பிசைவார்கள். என் ரோஜாவுக்கும் அப்படித்தான். என் கை யாரையும் கேட்கவில்லை. பச்சரிசி அரைத்த உமியை அள்ளி அள்ளிப் போட்டு, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கி, எல்லாத் தொட்டியையும் நிரப்பி வைத்தேன். அவள் வந்து தொட்டுப் பார்த்து, "கொள்ளாமே, நல்லாருக்கு!" என்றாள். உச்சி குளிர்ந்தது. அவ்வளவு மலிவாக இருந்தேன்.

சில வாரம் போனது. சம்புத் தண்ணீர் ஊற்றின அறுகு வெளிறிப் போய், கொடி ஓடாமல் முடங்கி நின்றது. மகள் குதித்தாள். கிணற்றுத் தண்ணீர் ஊற்றின அறுகும் அதேபோல் வெளிறி முடங்கி நின்றது. குதிப்பு நின்றது.

ஸ்கேலை வைத்து அளந்து அளந்து பார்த்தாள். வெயில் என்றாள், தொட்டிகளை இடம் மாற்றினாள். தண்ணீரில் உப்பு என்றாள், இவர் கடையிலிருந்து குடிதண்ணீர் கேன் வாங்கிவந்து புல்லுக்கு ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வரிசைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லாவிட்டால் ஆய்வே இல்லை. கல்லூரிக்குச் சமர்ப்பிக்கும் நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது? பெற்ற வயிறு பதறியதெல்லாம் அதற்குப் பிறகுதான். முதலில், 'பார்த்தாயா, அவ்வளவு லேசில்லை' என்று உள்ளே ஒருத்தி கைகொட்டிச் சிரித்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி காயப்போடப் போனபோது தொட்டிகளை நின்று பார்த்தேன். அறுகு என்பது சுவர் விரிசலிலும் வளருகிற சாதி. அது நல்ல தண்ணீரும் நல்ல மண்ணும் கிடைத்தும் இப்படி முடங்குமா? குனிந்து மண்ணைக் கிளறினேன். விரலில் உமி ஒட்டியது. அடுத்த வரிசையிலும் கிளறினேன், அங்கேயும் உமி.

நெல்லும் சம்புவைப்போலத் தண்ணீரில் நிற்கிற செடிதான். அதுவும் இந்த வேலை செய்கிற ஆள்தான். பக்கத்தில் களை வந்தால் அதன் வேரிலிருந்து ஒரு மருந்தை விட்டுக் களையைக் குறுக்கப் பார்க்கும். அந்த மருந்து உமியிலும் உண்டு. குலசேகரம் பஸ்ஸில் படித்தது. என் ரோஜாத் தொட்டிகளில் ஏன் களையே வருவதில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்து, பக்கத்து சீட்டில் இருந்த டீச்சரிடம் சொன்னேன், அவர் தூங்கிப் போனார். அதே உமியைத்தான் என் கையால் இரண்டு வரிசைக்கும் கலந்து வைத்திருந்தேன். இரண்டிலும் அறுகு முடங்காமல் என்ன செய்யும்?

சொல்லிவிடலாம் என்று கீழே இறங்கினேன். மகள் கூடத்தில் தோழிகளுக்கு போட்டோ அனுப்பி, "ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் பேராசிரியரிடம் கேட்டாள். பேங்கு கணக்கைத் தவிர ஒன்றும் தெரியாத அப்பாவிடம் கேட்டாள். மோட்டார் ரிப்பேருக்கு வந்தவர் தொட்டிகளை எட்டிப் பார்த்ததும் அவரிடமும் கேட்டாள். அவர், "உரம் போடணும் பாப்பா" என்றார். நான் அங்கேயேதான் அவருக்குக் காப்பி நீட்டிக்கொண்டு நின்றேன். என் பக்கம் திரும்பவே இல்லை. அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினேன். கேட்கட்டும், கேட்டால் சொல்கிறேன்.

சாயங்காலம் பேராசிரியரின் போன் வந்தது. பேசிவிட்டு மகள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். முகம் வாடியிருந்தாலும் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

"மேடம் வேற தலைப்பு எடுக்கச் சொல்லுகாங்க. சம்புவுக்கு அப்படி ஒரு குணமெல்லாம் கெடையாதாம். சும்மா களைதானாம்."

"சவத்தத் தள்ளு மக்கா" என்றார் இவர். "ஒரு களைக்காக எதுக்குப் போட்டு வெப்ராளப்படணும்?"

"நானும் அதான் நெனச்சேன்பா. சும்மா களைதானே."

சும்மா களையா? கையில் இருந்த கரண்டியை மேடைமேல் வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்கு. என்னை யாரும் கேட்காததை நான் பொறுத்துக்கொள்வேன். சம்புவைச் சும்மா களை என்று சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. வீம்பெல்லாம் பறந்துபோயிற்று.

"ஏட்டி, சம்புமேல பழியப் போடாத. தொட்டியில உமி கெடக்கு. அது ரெண்டு வரிசைப் புல்லையும் அமுக்குது. உமியில்லாத மண்ணுல போட்டுப் பாரு."

"உமியா? உமி என்ன செய்யும்?"

சொன்னேன். நெல்லின் வேர், உமி, களை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவளுடைய கண் பெரிதானது. சொல்லி முடித்தேன், இனி கேட்பாள், 'அம்மா, உனக்கு எப்படி இதெல்லாம்' என்று கேட்பாள் என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அவள் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

"மேடம், மேடம், கண்டுபிடிச்சிட்டேன்! மண்ணுல உமி இருந்திருக்கு. எங்கம்மா தெரியாம கலந்துட்டாங்க."

தெரியாம.

இவர் என்னைப் பார்த்து, "நீ எதுக்குட்டி உமியக் கலந்த? பாவம், பிள்ள எவ்வளவு கஷ்டப்பட்டா" என்றார். அன்று ராத்திரி ரசத்தில் உப்பு போடவில்லை. மறந்து போடாமல் விடவில்லை.

மறுபடி தொட்டிகளை நிரப்பினாள். இந்தத் தடவை உமியில்லாத மண், கூடக் கொஞ்சம் ஆற்றுமணல். உமி கலந்த தொட்டி ஒரு வரிசையைத் தனியாகவும் வைத்தாள், அதையும் ஆய்வில் சேர்க்கலாம் என்று பேராசிரியர் சொன்னாராம். கிணற்றுத் தண்ணீர் குடித்த அறுகு தொட்டி விளிம்பைத் தாண்டி நாலுபக்கமும் ஓடியது. சம்புத் தண்ணீர் குடித்தது குறுகி நின்றது. உமித் தொட்டியிலும் குறுகித்தான் நின்றது. மகள் மட்டுப்பாவில் கத்தினாள். ஓடிவந்து முதலில் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னை. என் கை ஈரமாக இருந்தது, அதனால் நான் திருப்பிக் கட்டிக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிக்குத் திரும்புவதற்கு முன்னால் குளத்தில் முற்றின சம்புக் கதிர்கள் சிலவற்றை ஒடித்துக்கொண்டு வந்தாள். விதைகளை வைத்து அங்கே லேபில் ஏதோ பார்க்கப் போகிறாளாம். பஞ்சு பறக்காமல் பிளாஸ்டிக் பையின் வாயை நான்தான் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொடுத்தேன். அந்த விதையில் அவள் என்ன பார்க்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். என் ஆய்விலேயே ஆகச் சிறந்த இடம் அது. சம்புச் சாற்றில் புல் மட்டுமா முளைக்காமல் போனது? சம்புவின் சொந்த விதையும் முளைக்கவில்லை. தாய்ப்புதரின் காலடியில் பிள்ளைக்கும் இடமில்லை. அதனால்தான் அந்தப் பஞ்சு, தூரமாகப் பறந்துபோய் வேறு குளத்தில் முளைப்பதற்கு. அதை நான் எழுதினபோது எனக்கு மகள் கிடையாது. வெறும் செடியைப் பற்றித்தான் எழுதினேன்.

கட்டிக்கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. நாகர்கோவில் ஸ்டேஷன் வரைக்கும் இவர் கூடப்போய் ரயில் ஏற்றிவிட்டு வந்தார்.

பிறகு வீட்டில் போன் வருவது இவருக்குத்தான். பேசி முடித்துவிட்டு, "இந்தா, அம்மாட்ட குடுக்கேன்" என்பார். என்னிடம், "சாப்பிட்டியாம்மா?" என்பாள். "சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா?" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பங்கு.

போன வாரம் ஒரு சாயங்காலம் என் போன் அடித்தது.

"அம்மா, வேலையா இருக்கியா?"

"அப்பா கடைக்குப் போயிருக்காங்க. இப்ப வந்துருவாங்க."

"இல்லம்மா, உங்கிட்டதான். சம்பு விதைய சம்புத் தண்ணியில போட்டேன். அதுக்க விதையே முளைக்க மாட்டேங்கு. வெறும் தண்ணியில போட்டா முளைக்குது. மேடம் நான் என்னமோ தப்பா செஞ்சிருக்கேன்னு சொல்லுகாங்க. நீ அன்னைக்கு உமியக் கண்டுபிடிச்சேல்லா, அதான்... உனக்கு ஏதும் தோணுதா?"

நான் முற்றத்தில் உட்கார்ந்தேன்.

"தப்பெல்லாம் இல்ல. அது அப்படித்தான். தனக்க விதையையும் அது பக்கத்துல விடாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

எத்தனை நாள் ஒத்திகை பார்த்த பதில். வந்தபோது ரொம்பச் சின்னதாக வந்தது. "நீ பொறக்கதுக்கு முன்ன நானும் அதத்தான் போட்டுப் பாத்தேன். நம்ம குளத்துச் சம்புதான்."

அந்தப் பக்கம் நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது.

"அம்மா, நீயா? உனக்க ஆய்வும் சம்புவா? இவ்வளவு நாளும் ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

"இப்ப கேக்கேன்" என்றாள். "நீ என்ன இலை எடுத்த, இளசா, முத்தலா? எவ்வளவு நேரம் ஊறப் போட்ட? வேரையும் போட்டியா? பைய சொல்லு, எழுதிக்கிடுகேன்."

ஒன்றுக்கு மூன்று கேள்வி. மூன்றுக்கும் பதில் நாக்கில் வரிசையாக நின்றது.

"அடுப்புல பால் வச்சிருக்கேன் மக்கா, பொங்கிரும். கொஞ்சம் கழிச்சுக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அடுப்பில் பாலும் இல்லை ஒன்றும் இல்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் காத்திருக்கட்டும். கேட்டைத் திறந்துகொண்டு இவர் காய்கறிப் பையோடு உள்ளே வந்தபோது போன் மறுபடி அடித்தது. பெயரைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, "பாப்பாவா? இங்க கொண்டா" என்று கையை நீட்டினார்.

"எனக்குத்தான்" என்றேன்.